பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் போடுங்க!



நம்ம சேனல்ல எஸ்.ஐ.பி., டேர்ம் இன்சூரன்ஸ், வீட்டுக் கடன்னு எதைப் பத்திப் பேசினாலும், நடுவுல இந்தக் கேள்வி வந்துடும்: "வீட்டுல ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கு. கிராபிக்ஸ் கார்டு மட்டும் மாத்தினா போதுமா, இல்ல புதுசே வாங்கிடலாமா?"

இதைக் கேட்கிறவங்க பெரும்பாலும் மூணு வகை. பையனோ பொண்ணோ கேம் விளையாட கார்டு கேட்குதுன்னு யோசிக்கிற பெற்றோர். கல்யாண வீடியோ, யூடியூப் எடிட்டிங்னு கம்ப்யூட்டரை வச்சே சம்பாதிக்கிறவங்க. மூணாவது, பிளெண்டர், ஏ.ஐ.ன்னு ஏதாவது கத்துக்கணும்னு நினைக்கிற மாணவர்கள்.

இது டெக் கேள்வி மாதிரி தெரியும். ஆனா 20,000, 30,000 ரூபாய் போற எந்த முடிவும் பண முடிவுதான். அதனால இந்தப் பதிவுல "எந்த கார்டு பெஸ்ட்"னு ஆரம்பிக்காம, "இந்தப் பணத்தைப் போடலாமா, போட்டா எங்க போடணும்"னு படிப்படியா பார்க்கலாம்.

கார்டு விலை வேற, கார்டு செலவு வேற

ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. பழைய கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு தனியா வராது. கூடவே நாலு செலவைக் கூட்டிட்டு வரும். எஸ்.எம்.பி.எஸ். பத்தலைன்னா அதை மாத்தணும். கேபினெட்ல இடம் இல்லைன்னா அதையும் மாத்தணும். மானிட்டர்ல பழைய வி.ஜி.ஏ. மட்டும் இருந்தா கன்வெர்ட்டர் வேணும். பிராசஸர் ஈடு கொடுக்கலைன்னா போர்டு, பிராசஸர், ரேம்னு மொத்த செட்டுக்கும் செலவு இழுத்துட்டுப் போயிடும்.

வீட்டுல ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பிச்சு, கடைசியில டைல்ஸ் வரைக்கும் போற கதைதான். அதனால கார்டோட விலையைப் பார்க்காதீங்க. கார்டு வேலை செய்ய ஆகிற மொத்தச் செலவைப் பாருங்க.

படி 1: உண்மையிலேயே கார்டுதான் பிரச்சினையா?

இதுக்கு ஒரு ரூபாய் செலவு இல்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணு பட்டனையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதுல பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்க. சி.பி.யு., மெமரி, டிஸ்க், ஜி.பி.யு. எல்லாம் எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு தெரியும். இதைத் திறந்து வச்சுட்டு, எந்த வேலையில கம்ப்யூட்டர் திணறுதோ அதையே அரை மணி நேரம் செஞ்சு பாருங்க.

- டிஸ்க் 100 சதவீதத்துலயே நிக்குதா? உங்க பிரச்சினை பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி. போட்டாலே கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஆயிடும். கார்டு போட்டா ஒண்ணும் மாறாது.
- மெமரி 90 சதவீதத்துக்கு மேலயா? ரேம் போடுங்க.
- சி.பி.யு. உச்சத்துல இருக்கு, ஜி.பி.யு. பாதியில தூங்குதா? பிராசஸர்தான் இழுத்துப் பிடிக்குது. புது கார்டு போட்டா அதுவும் சேர்ந்து தூங்கும்.
- ஜி.பி.யு. 95 சதவீதத்துக்கு மேல, மத்தது எல்லாம் நிதானமா இருக்கா? இப்பதான் கார்டு பத்திப் பேசவே அர்த்தம் இருக்கு.

இன்னொரு டெஸ்ட். சி.பி.யு. மொத்தமா 40 சதவீதம்னு காட்டும்போதும், உள்ளே ஒரு கோர் மட்டும் முழுசா மாட்டிக்கிட்டு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, கேம்ல ரெசொல்யூஷனைக் குறைச்சுப் பாருங்க. குறைச்சதும் வேகம் நல்லா ஏறினா கார்டுதான் தடை. ஏறவே இல்லைன்னா பிராசஸர்தான் தடை.

டேலி, எக்செல், பிரவுசர், ஆன்லைன் கிளாஸ் மட்டும்தான் வேலைன்னா இந்தப் படியோடயே நீங்க கிளம்பிடலாம். உங்களுக்கு கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. எஸ்.எஸ்.டி., ரேம் இரண்டும் போதும்.

படி 2: கேபினெட்டைத் திறந்து பாருங்க

கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த ஆறு விஷயத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க.

ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். அதோட பக்கவாட்டு ஸ்டிக்கர்ல எத்தனை வாட் என்று இருக்கும். மதர்போர்டு ஸ்லாட் மூலமா ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். அதுக்கு மேல வேணும்னா எஸ்.எம்.பி.எஸ்.ல இருந்து தனி கேபிள் வரணும். 6 பின் கேபிள் 75 வாட் தரும், 8 பின் கேபிள் 150 வாட் தரும். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்ல பெரும்பாலும் இந்தக் கேபிளே இருக்காது. உதாரணமா, செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல நிறைய கிடைக்கிற டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 டவர் மாடல்ல 290 வாட் எஸ்.எம்.பி.எஸ்.தான். அதோட ஸ்லிம் மாடல்ல 255 வாட். இந்த மாடல் போர்டுக்கு பவர் போற கனெக்டர் 8 பின். கடையில கிடைக்கிற சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ல 24 பின் இருக்கும். இரண்டையும் சேர்க்கத் தனி அடாப்டர் கேபிள் வாங்கணும்.

இரண்டு, இடம். டவர் கேபினெட்டா, ஸ்லிம் கேபினெட்டா? ஸ்லிம் என்றால் 'லோ புரொஃபைல்' கார்டு மட்டும்தான் உள்ளே போகும். டவராக இருந்தாலும் ஹார்ட் டிஸ்க் கூண்டு வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் இருக்குன்னு ஸ்கேல் வச்சு அளந்துக்கோங்க.

மூன்று, ஸ்லாட் வேகம். இன்டெல் 2-வது தலைமுறை பிராசஸர்ல பி.சி.ஐ.இ. 2.0 தான். 3-வது தலைமுறையில இருந்து பெரும்பாலும் 3.0 வரும். ஆனா 4-வது தலைமுறை பிராசஸரே இருந்தாலும், அது எச்81 போர்டுல இருந்தா ஸ்லாட் 2.0 வேகத்துலதான் ஓடும். இது ஏன் முக்கியம்னு அடுத்த படியில சொல்றேன்.

நான்கு, பயாஸ். ரொம்பப் பழைய போர்டுகள்ல புது கார்டு போட்டா திரையே வராமல் போகலாம். போர்டு தயாரிப்பாளரோட தளத்துல கடைசி பயாஸ் அப்டேட் இருக்கான்னு பாருங்க.

ஐந்து, மானிட்டர். இப்போதைய கார்டுகள்ல வி.ஜி.ஏ. போர்ட் கிடையாது. உங்க மானிட்டர்ல அது மட்டும்தான் இருக்குன்னா எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வா மாத்துற கன்வெர்ட்டர் வேணும். 1366க்கு 768 ரெசொல்யூஷன்ல 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வச்சிருந்தா, 30,000 ரூபாய் கார்டு போட்டும் கண்ணுக்குத் தெரியுற வித்தியாசம் கொஞ்சம்தான்.

ஆறு, யு.பி.எஸ். வீட்டுல இருக்கிற 600 வி.ஏ. யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட் வரைக்கும்தான் தாங்கும். பெரிய கார்டு போட்டு கேம் ஓடிட்டு இருக்கும்போது கரன்ட் போனா, அடுத்த நொடி யு.பி.எஸ்.ஸும் படுத்துடும். இதைக் கணக்குல சேர்க்க எல்லாரும் மறந்துடுவாங்க.

படி 3: எந்த கார்டு எந்த சிஸ்டத்துக்கு?

மாடல் பேரைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வாட் கணக்குல பிரிச்சுக்கோங்க. குழப்பம் பாதி தீர்ந்துடும்.

தனி பவர் கேபிள் வேண்டாத கார்டுகள் (75 வாட்டுக்குள்):

ஜி.டி. 1030 – 30 வாட் தான். திரை காட்டவும், வீடியோ பார்க்கவும், ரொம்ப லேசான கேமுக்கும் சரி. இதுல ஜி.டி.டி.ஆர்.5 மெமரியோட ஒண்ணு, டி.டி.ஆர்.4 மெமரியோட ஒண்ணுன்னு இரண்டு இருக்கு. பேர் ஒண்ணு, வேகம் வேற. டி.டி.ஆர்.4 வேண்டாம்.

ஜி.டி.எக்ஸ். 1650 – 2019-ல வந்தது, 4 ஜி.பி., 75 வாட். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ரொம்ப நாளா பொருத்தமா இருக்கிற கார்டு. ஆனா சில மாடல்கள்ல 6 பின் கனெக்டர் இருக்கும். வாங்கும்போது கார்டோட மேல்பக்கத்தைப் பார்த்து வாங்குங்க.

ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. – 2024 பிப்ரவரியில வந்தது, 70 வாட். கவனம்: இதே பேருல 8 ஜி.பி. கார்டும் இருக்கு. அது 130 வாட், தனி பவர் கேபிள் கேட்கும். பில்லுல "6 ஜி.பி."ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க.

ஆர்.எக்ஸ். 6400 – 53 வாட் தான், ஆனா நாலு லேன்தான் பயன்படுத்தும். புது போர்டுகள்ல இருக்கிற பி.சி.ஐ.இ. 4.0-க்காக செஞ்ச கார்டு. பழைய 3.0, 2.0 ஸ்லாட்ல போட்டா வேகம் குறையும். மேல ஸ்லாட் வேகத்தைக் குறிக்கச் சொன்னது இதுக்குத்தான். அதுவும் இல்லாம, இதுல வீடியோ என்கோடர் கிடையாது. எடிட்டிங், ரெக்கார்டிங் செய்றவங்களுக்கு ஒத்து வராது.

இன்டெல் ஆர்க் ஏ380 – நல்ல கார்டுதான். ஆனா ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டுல இருந்தாதான் முழு வேகம் கிடைக்கும். பழைய கம்ப்யூட்டர்கள்ல அது இருக்காது. அதனால இந்தப் பட்டியல்ல இதைத் தள்ளி வைங்க.

தனி பவர் கேபிள் வேண்டிய கார்டுகள்:

ஆர்.எக்ஸ். 6600 – 8 ஜி.பி., 132 வாட். கேமுக்கு நல்லது. குறைந்தது 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேணும்.

ஆர்.டி.எக்ஸ். 3060 12 ஜி.பி. – 170 வாட், 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். வேணும். 12 ஜி.பி. மெமரி இருக்கிறதால பிளெண்டர், ஏ.ஐ. கத்துக்கிறவங்க இதைத் தேடி வாங்குறாங்க.

4-வது தலைமுறை ஐ5 மாதிரி நாலு கோர் பிராசஸரோட இந்த இரண்டாவது வகை கார்டைச் சேர்த்தா, பல புது கேம்கள்ல பிராசஸர்தான் முதல்ல மூச்சு வாங்கும். பழைய மாட்டு வண்டியில பெரிய இன்ஜினைப் பொருத்தின மாதிரி ஆயிடும்.

படி 4: மொத்தக் கணக்கு – கூட வர்ற பணம், கூட வராத பணம்

இந்தப் பதிவுல நீங்க எடுத்துட்டுப் போக வேண்டிய ஒரே விஷயம்னா இதுதான். அப்கிரேடுக்குப் போடுற ஒவ்வொரு ரூபாயையும் இரண்டா பிரிங்க.

கூட வர்ற பணம்: நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டாலும் அடுத்த கம்ப்யூட்டருக்கு எடுத்துட்டுப் போகக்கூடிய பொருள். எஸ்.எஸ்.டி., நல்ல பிராண்ட் எஸ்.எம்.பி.எஸ்., மானிட்டர், யு.பி.எஸ்., ஓரளவுக்குப் புதிய கார்டு.

கூட வராத பணம்: இந்தப் பெட்டியோடயே போயிடுறது. டி.டி.ஆர்.3 ரேம், ஆபீஸ் கம்ப்யூட்டருக்கான அடாப்டர் கேபிள், பழைய போர்டுக்குன்னு தேடி வாங்குற பிராசஸர், ஃபிட்டிங் கூலி.

இப்ப ஒரு உதாரணம். 4-வது தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், ஹார்ட் டிஸ்க், 290 வாட் எஸ்.எம்.பி.எஸ்., வி.ஜி.ஏ. மானிட்டர் இருக்கிற ஒரு ஆபீஸ் டவர். விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. கார்டு விலை வாரத்துக்கு வாரம் மாறும், நீங்க வாங்குற அன்னைக்கு உள்ள விலையைப் போட்டுக்கோங்க.

வழி அ – பெரிய கார்டு:
- 170 வாட் கார்டு: ரூ.26,000
- 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்.: ரூ.4,500
- அடாப்டர் கேபிள்: ரூ.500
- வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர்: ரூ.400
- ஃபிட்டிங் கூலி: ரூ.500
- பெரிய யு.பி.எஸ்.: ரூ.5,500
மொத்தம்: ரூ.37,400

26,000 ரூபாய்னு நினைச்சுக் கிளம்பினது, 11,400 ரூபாய் கூடிப் போச்சு. கிட்டத்தட்ட 44 சதவீதம் அதிகம். இவ்வளவு போட்டும் ஹார்ட் டிஸ்க் பழசுதான், பிராசஸரும் பழசுதான்.

வழி ஆ – அளவான கார்டு:
- 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி.: ரூ.3,500
- கூடுதல் 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ரேம், செகண்ட் ஹேண்ட்: ரூ.1,200
- 75 வாட் கார்டு, செகண்ட் ஹேண்ட்: ரூ.9,000
- வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர்: ரூ.400
மொத்தம்: ரூ.14,100

இதுல ரேமும் கன்வெர்ட்டரும் சேர்ந்து 1,600 ரூபாய்தான் கூட வராத பணம். மிச்சம் இருக்கிற 23,300 ரூபாயை ஒரு தனி சேமிப்புக் கணக்குலயோ சின்ன எஃப்.டி.யிலயோ "அடுத்த கம்ப்யூட்டர்"னு பேர் வச்சுப் போட்டுடுங்க. மாசம் 2,000 ரூபாய் ஆர்.டி.யும் சேர்ந்தா, ஒரு வருஷத்துல வட்டி இல்லாமலே 47,300 ரூபாய் கையில. அப்ப புது போர்டு, பிராசஸர், ரேம் வாங்கி, இந்த எஸ்.எஸ்.டி.யையும் கார்டையும் அதுல மாட்டிக்கலாம்.

வழி அ எல்லாருக்கும் தப்புன்னு சொல்லலை. ஆறு மாசத்துல போர்டும் பிராசஸரும் மாத்துறதுக்குப் பணம் தயாரா இருக்கு, கார்டை மட்டும் முதல்ல வாங்குறேன்னு திட்டம் போட்டுச் செய்றவங்களுக்கு அது சரியான வழி. திட்டம் இல்லாம ஒவ்வொண்ணா இழுத்துட்டுப் போறதுதான் ஆபத்து.

படி 5: இந்தப் பெட்டிக்கு இன்னும் எவ்வளவு ஆயுள்?

விண்டோஸ் 10-க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. தனிநபர்களுக்கான கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவிச்சப்போ, 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான்னு சொல்லுச்சு. விண்டோஸ் 11 முறையா ஓடணும்னா டி.பி.எம். 2.0-வும், இன்டெல்லா இருந்தா பெரும்பாலும் 8-வது தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். 4-வது தலைமுறை ஐ5 அதுல வராது.

இது வெறும் கேம் பிரச்சினை இல்லை. அதே கம்ப்யூட்டர்ல நெட் பேங்கிங் பண்றீங்க, டீமேட் கணக்கைத் திறக்குறீங்க, வருமான வரி தாக்கல் பண்றீங்க. பாதுகாப்பு அப்டேட் வராத சிஸ்டத்துல இதெல்லாம் செய்றது ஆபத்து. கார்டுக்கு 26,000 போட்டு, அதே பெட்டியில பேங்க் பாஸ்வேர்டைப் போடுறது எந்தக் கணக்குல நியாயம்? பழைய பெட்டியைக் கேமுக்கு மட்டும் வச்சுக்கிட்டு, பண வேலையை எல்லாம் அப்டேட் வர்ற வேற சிஸ்டத்துல செய்ங்க. இல்லைன்னா லினக்ஸுக்கு மாறுங்க.

கேமுக்கும் இது பொருந்தும். உதாரணமா, விண்டோஸ் 11-ல வேலரண்ட் ஓடணும்னா டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் இரண்டும் வேணும். கார்டு எவ்வளவு நல்லதா இருந்தாலும் அது இல்லைன்னா ஓடாது.

கார்டுக்கும் ஆயுள் உண்டு. என்விடியாவோட ஜி.டி.எக்ஸ். 900, 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் மேம்பாடு 2025 அக்டோபரோட நின்னுடுச்சு. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும்னு சொல்லியிருக்காங்க. ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., ஜி.டி. 1030 இரண்டும் இந்தத் தலைமுறைதான். ஜி.டி.எக்ஸ். 1650 இதுக்கு அடுத்த தலைமுறை. செகண்ட் ஹேண்ட்ல இரண்டுக்கும் 1,500, 2,000 ரூபாய்தான் வித்தியாசம்னா யோசிக்காம 1650 பக்கம் போங்க.

படி 6: செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கும்போது

2021-ல சிப் தட்டுப்பாடு, கிரிப்டோ மைனிங் இரண்டும் சேர்ந்து கார்டு விலை தாறுமாறா ஏறினது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 2022 செப்டம்பர் 15-ல எத்தீரியம் மைனிங் முறையையே கைவிட்டதும், இரவு பகலா ஓடின கார்டுகள் நிறைய பழைய சந்தைக்கு வந்துச்சு. மைனிங்ல ஓடின கார்டு எல்லாமே கெட்டதுன்னு இல்லை. ஆனா ஃபேன், தெர்மல் பேஸ்ட் தேய்ஞ்சிருக்கும். விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினாலும் சரி, ஆன்லைன்ல பார்த்து நேர்ல போய் வாங்கினாலும் சரி, இதைக் கேளுங்க:

1. கண் முன்னாடி ஒரு சிஸ்டத்துல மாட்டி 20 நிமிஷம் கேமோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டோ ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. திரையில கோடு, புள்ளி வரக் கூடாது. ஃபேன் கரகரன்னு சத்தம் போடக் கூடாது.
2. ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்க. பழைய கார்டோட பயாஸை மாத்தி 1050 டி.ஐ.ன்னு விக்கிறது ரொம்ப நாளா நடக்குது. இந்த மென்பொருள் பல போலிகளைக் கண்டுபிடிச்சுச் சொல்லிடும்.
3. ஆர்.எக்ஸ். 580 வாங்கினா கோர் எண்ணிக்கையைப் பாருங்க. முழு கார்டுல 2304 இருக்கணும். 2048 இருந்தா அது வேகம் குறைஞ்ச வகை.
4. ஒரிஜினல் பில் இருக்கா, வாரண்டி எத்தனை மாசம் பாக்கின்னு கேளுங்க. பல பிராண்டுகள் புதுசுக்கு 3 வருஷ வாரண்டி தர்றாங்க. ஒன்றரை வருஷம் பாக்கி இருக்கிற கார்டுக்கு 1,000 ரூபாய் கூடக் கொடுக்கலாம்.
5. பார்க்காத பொருளுக்கு அட்வான்ஸ் அனுப்பாதீங்க. யு.பி.ஐ.யில பணம் வாங்குறதுக்கு க்யூ.ஆர். ஸ்கேன் பண்ணவோ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை. யாராவது அப்படிச் சொன்னா அது மோசடி.

படி 7: பணம் எப்படிக் கட்டலாம்?

"நோ காஸ்ட் இ.எம்.ஐ." பார்த்ததும் இலவசக் கடன்னு நினைக்காதீங்க. 18,000 ரூபாய் கார்டு, 6 மாசம், மாசம் 3,000 ரூபாய்னு வச்சுக்குவோம். பேங்க் பக்கத்துல வருஷத்துக்கு 15 சதவீத வட்டின்னா, வட்டித் தொகை சுமார் 762 ரூபாய் வரும். அதைத்தான் தள்ளுபடியா முன்னாடியே கழிச்சிருப்பாங்க. ஆனா அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உங்க தலையில: 137 ரூபாய். பிராசஸிங் ஃபீ 199 ரூபாய்னா ஜி.எஸ்.டி.யோட 235. ஆக 372 ரூபாய் கூடுதல். ரொக்கமா வாங்கினா கிடைக்கிற தள்ளுபடியும் போகும். பெரிய தொகை இல்லைதான். ஆனா பேர்ல "நோ காஸ்ட்" இருக்கே!

இ.எம்.ஐ.யோட உண்மையான ஆபத்து வட்டி இல்லை. "மாசம் 3,000 தானே"ன்னு 18,000 ரூபாய் கார்டுக்குப் பதிலா 30,000 ரூபாய் கார்டை எடுக்க வைக்கிறதுதான்.

தொழிலுக்கு வாங்குறவங்க ஒரு விஷயம் செய்ங்க. நீங்க வழக்கமான முறையில ஜி.எஸ்.டி. பதிவு செஞ்சவரா இருந்தா, உங்க ஜி.எஸ்.டி. நம்பரைப் பில்லுல போடச் சொல்லுங்க. 17,700 ரூபாய் கார்டுல 2,700 ரூபாய் ஜி.எஸ்.டி. தொழிலுக்குப் பயன்படுத்துற பொருள்னா அதை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். முறையா கணக்கு எழுதுறவங்களுக்கு வருமான வரியில கம்ப்யூட்டருக்கு 40 சதவீதத் தேய்மானமும் உண்டு. உத்தேச வருமான முறையில தாக்கல் பண்றவங்க இதைத் தனியா கழிக்க முடியாது. உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

கரன்ட் பில்லையும் பார்த்துடலாம். கார்டு கூடுதலா 100 வாட் எடுக்குது, தினம் 4 மணி நேரம் ஓடுதுன்னா, இரண்டு மாசத்துக்கு 24 யூனிட். தனியா பார்த்தா சின்னதுதான். ஆனா தமிழ்நாட்டுல உங்க வீட்டு ரீடிங் ஏற்கனவே 490 பக்கம் இருந்தா, 500 யூனிட்டைத் தாண்டினதும் முன்னாடி யூனிட்டுகளுக்குக் கிடைச்ச குறைஞ்ச கட்டணமும் மாறிடும். அந்த எல்லையில இருக்கிற வீடுகள் கவனமா இருங்க.

யார் வாங்கலாம், யார் தள்ளிப் போடலாம்?

எடிட்டிங் செஞ்சு சம்பாதிக்கிறவங்க: கார்டு போட்டா மாசத்துக்கு எத்தனை வேலை கூடுதலா முடிக்க முடியும்னு எழுதுங்க. கூடுதலா 3,000 ரூபாய் வருமானம் வரும், மொத்தச் செலவு 15,000னா, 5 மாசத்துல போட்ட பணம் திரும்பிடும். தாராளமா வாங்குங்க. ஒன்றரை வருஷம் ஆகும்னா இப்ப வேண்டாம். வேலை சீக்கிரம் முடியும், ஆனா கூடுதல் ஆர்டர் கையில இல்லைன்னா, அது வருமானம் இல்லை, வசதி. வசதிக்குச் செலவு பண்றது தப்பில்லை. ஆனா அதை முதலீடுன்னு சொல்லி நம்மளையே ஏமாத்திக்கக் கூடாது.

ஏ.ஐ. கத்துக்கிற மாணவர்கள்: ஆரம்பத்துல கூகுள் கோலாப், காகிள் இரண்டுலயும் குறிப்பிட்ட நேரம் வரைக்கும் ஜி.பி.யு. இலவசமா கிடைக்குது. மூணு மாசம் அதுல பழகுங்க. அந்த இலவச நேரம் பத்தலைன்னு ஆகும்போது, உங்களுக்கு என்ன கார்டு வேணும்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற பெற்றோர்: அடுத்த வருஷம் காலேஜுக்கு லேப்டாப் வாங்கத்தான் போறீங்கன்னா, இப்ப டெஸ்க்டாப்புக்கு 30,000 போடாதீங்க. பிள்ளைகிட்ட "முடியாது"ன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தாம, இந்தக் கணக்கைப் பேப்பர்ல போட்டுக் காட்டுங்க. வழி அ, வழி ஆ இரண்டையும் அவங்களையே எழுதச் சொல்லுங்க, கடையில விலை கேட்கச் சொல்லுங்க. பட்ஜெட் போடுறதைப் பத்தி நூறு அறிவுரை சொல்றதை விட, தனக்குப் பிடிச்ச பொருளுக்குத் தானே கணக்குப் போடுறது மனசுல நிக்கும்.

எமர்ஜென்சி ஃபண்டே இல்லாதவங்க: குறைந்தது மூணு மாசச் செலவு கையில இல்லைன்னா, கிராபிக்ஸ் கார்டு இப்ப வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவு வந்தா கார்டை வித்து ஈடுகட்ட முடியாது. அவசரத்துக்கு விக்கிற கார்டுக்குப் பாதி விலைகூடக் கிடைக்கிறது கஷ்டம்.

மாட்டும்போது மறக்கக் கூடாதவை

நீங்களே மாட்டுறதா இருந்தா, முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. கேபினெட்டோட இரும்பைத் தொட்டு உடம்புல இருக்கிற நிலைமின்சாரத்தை இறக்கிடுங்க. பழைய கார்டு இருந்தா அதோட டிரைவரை முன்னாடியே நீக்கிடுங்க. நீளமான ஸ்லாட்ல கார்டை நேரா அழுத்தினா 'க்ளிக்'னு பூட்டு விழும், அப்புறம் ஸ்க்ரூ போடுங்க. பவர் கேபிள் வேண்டிய கார்டுன்னா மறக்காம மாட்டுங்க. மானிட்டர் கேபிளை மதர்போர்டுல இல்லாம கார்டுல சொருகுங்க. "புது கார்டு போட்டும் வேகம் வரலை"ன்னு சொல்றவங்கள்ல சிலருக்கு இதுதான் காரணம். டிரைவரை என்விடியா, ஏ.எம்.டி. தளத்துல இருந்து மட்டும் இறக்குங்க.

இன்னைக்கு செய்ய வேண்டியது

ஒரு பேப்பர் எடுங்க. டாஸ்க் மேனேஜர்ல பார்த்த நாலு சதவீதத்தையும் எழுதுங்க. கீழ எஸ்.எம்.பி.எஸ். வாட், கேபினெட் அளவு, மானிட்டர் போர்ட், யு.பி.எஸ். அளவு. அதுக்குக் கீழ இரண்டு கட்டம்: கூட வர்ற பணம், கூட வராத பணம். இரண்டாவது கட்டத்துல இருக்கிற தொகை மொத்தத்துல கால் பங்குக்கு மேல போனா, அந்த அப்கிரேடை நிறுத்திட்டுப் புது சிஸ்டத்துக்குச் சேர்க்க ஆரம்பிங்க.

கடைக்காரர் கார்டைப் பத்தி நல்லா சொல்லுவார், அது அவர் வேலை. ஆனா உங்க வீட்டுப் பெட்டியைப் பத்தியும் உங்க பர்ஸைப் பத்தியும் உங்களுக்குத்தான் தெரியும். உங்க சிஸ்டம் விவரத்தையும் பட்ஜெட்டையும் கமெண்ட்ல எழுதுங்க, சேர்ந்து கணக்குப் போடலாம். கார்டு கேட்டு வீட்டுல அடம் பிடிச்சுட்டு இருக்கிற யாராவது இருந்தா, இந்தப் பதிவை அவங்களுக்கு ஷேர் பண்ணுங்க.